கோயிலும் கண்மாயும்: தனி வழிகாட்டியுடன் மதுரைச் சமவெளி

மதுரைக்கு வருகிறவர்களில் பலரும் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், மாலையில் தெப்பக்குளம் என்று ஒரே நாளில் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் காலையில் ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால் ஊரைச் சுற்றியுள்ள சமவெளிக்குப் போங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் குடைந்த கோயில்கள், அவற்றுக்கும் சுமார் ஆயிரம் ஆண்டு மூத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமண முனிவர்கள் படுத்துறங்கிய குகைகள், அவற்றின் காலடியில் இன்றும் நெல்லுக்குத் தண்ணீர் விடும் கண்மாய்கள் எல்லாம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் கோயிலை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். பாண்டியர் கல்வெட்டுகள் இந்த ஊரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கின்றன. தலைநகரையே ஒரு குளத்துப் பாசனத்தின் கீழ் வைத்து அடையாளம் சொன்ன நாடு இது. அந்த மாடக்குளம் கண்மாய் பழங்காநத்தத்துக்கு மேற்கே இன்றும் இருக்கிறது; மழை பெய்தால் நிரம்புகிறது. கோயிலுக்கு எழுதி வைத்த நிலம் கண்மாய்த் தண்ணீரில் விளைந்தது. அந்த நெல்லில்தான் அமுதுபடி நடந்தது. ஆகவே நீங்கள் அமர்த்தும் வழிகாட்டி கோயில் வாசலோடு நின்றுவிடாமல், கண்மாய்க் கரையில் ஏறி மடையையும் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வழியில் போவது, எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைப் பார்ப்போம்.

வழிகாட்டியைத் தேடுவது

மதுரையில் வழிகாட்டிகள் பல வகை. மத்திய, மாநில சுற்றுலாத் துறைகளின் அங்கீகாரம் பெற்று அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. மேல வெளி வீதியில் இருக்கும் தமிழ்நாடு சுற்றுலாத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் இவர்களைத் தொடர்புகொள்ள வழி சொல்வார்கள். பயண முகவர்கள் வண்டியையும் வழிகாட்டியையும் சேர்த்தே ஏற்பாடு செய்து தருவது இன்னொரு வகை. கோயில் கோபுர வாசலில் நின்று தாமாகவே வந்து பேசுகிறவர்களும் உண்டு. அவர்களில் நல்ல விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே கூட அழைத்துச் செல்லுங்கள்.

நகரத்துக்குள் வேலை செய்யும் வழிகாட்டிகளில் பலருக்கு மீனாட்சியம்மன் கோயில் மனப்பாடம். கிராமங்களுக்கு அந்தப் பழக்கம் போதாது. பணம் பேசுவதற்கு முன்னால் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘அரிட்டாபட்டிக் குடைவரையின் சாவி யாரிடம் இருக்கும்?’ என்பது ஒன்று. ‘இந்த மாதம் எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது?’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் உடனே பதில் சொல்பவர் அந்த ஊர்களுக்குப் போய் வருகிறவர். ‘அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம் சார்’ என்பவரோடு போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

தனியாக அமர்த்திக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கும், தனியாகப் போவதற்கு முன்னால் அறிமுகம் வேண்டும் என்பவர்களுக்கும் ‘பசுமை நடை’யைச் சொல்வேன். எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைத்து வரும் இந்த இயக்கம் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் பழைய ஊர்களுக்கும் மக்களைக் கூட்டமாக அழைத்துச் செல்கிறது. தொல்லியல் அறிந்தவர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்கம் சொல்கிறார்கள். சமணக் குன்றுகளைப் பற்றி முன்கூட்டிப் படித்துவிட்டுப் போக விரும்புகிறவர்கள் தொல்லியல் அறிஞர் வெ.வேதாச்சலம் எழுதிய ‘எண்பெருங்குன்றம்’ நூலைத் தேடிப் பிடியுங்கள். வழிகாட்டி தடுமாறும் இடத்தில் அந்த நூல் கைகொடுக்கும்.

வழிகாட்டியைத் தவிர ஒவ்வொரு ஊரிலும் இன்னொருவர் தேவை. கோயில் பூசாரியாக இருக்கலாம், கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருக்கலாம், மாடு மேய்க்கும் பெரியவராகவும் இருக்கலாம். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ‘அய்யா, மலைக்கோயில் சாவி யாருகிட்ட இருக்கு?’ என்று கேட்டாலே போதும், ஆளனுப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். கூட வந்து காட்டியவருக்கு நீங்களே நேராகக் கையில் பணம் கொடுங்கள். வழிகாட்டி வழியாகக் கொடுக்க வேண்டாம். இதை முதலிலேயே வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

வண்டியும் கணக்கும்

மதுரையில் வாடகைக் கார் பெரும்பாலும் எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்ற கணக்கில் பேசப்படும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மணிக்கும் தனிக் கட்டணம். ஓட்டுநர் பேட்டா, சுங்கம், வண்டி நிறுத்தக் கட்டணம் ஆகியவை வாடகைக்குள் அடங்குமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலூர்ச் சாலையில் சிட்டம்பட்டியில் சுங்கச்சாவடி இருக்கிறது. வழிகாட்டிக்கு அரை நாளா, முழு நாளா, எந்தெந்த இடங்கள் என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். ‘கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். சேலைக் கடையிலும் கைவினைப் பொருள் கடையிலும் கழியும் ஒரு மணி நேரத்தில் ஒரு குடைவரையைப் பார்த்துவிடலாம்.

பெரிய வண்டி வேண்டாம். கரைப் பாதைகள் குறுகல்; எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

நேரத்தை முடிவு செய்வது கோயில் நடைதான். பெரும்பாலான கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு அடைத்து மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் பாறையும் காலை வைக்க முடியாமல் சுடும். ஆகவே விடியும்போது கண்மாய், ஏழிலிருந்து பதினொன்று வரை குன்றும் கோயிலும், நடுப்பகலில் சாப்பாடும் ஓய்வும், நான்குக்கு மேல் மறுபடியும் குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்கு விடுதியிலிருந்து கிளம்பும் திட்டத்தை எந்த முகவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நகரத்துக்குள் ஒரு காலைப் பொழுது

மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றி வழிகாட்டியோடு போகிறவர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. கைபேசியையும் செருப்பையும் வெளியே ஒப்படைத்துவிட்டு உள்ளே போகும்போது, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று வழிகாட்டியோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துத் தென்கரை நல்ல இடம். காலை ஐந்து மணிக்குப் போனால் பிராகாரங்கள் காலியாக இருக்கும். 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தையும் வெள்ளியம்பலத்தில் கால் மாற்றி ஆடும் நடராசரையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

அங்கிருந்து நேராக வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போகச் சொல்லுங்கள். திருமலை நாயக்கர் காலத்தில், 1645இல் அமைந்த இந்தக் குளத்துக்கு வைகையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் இந்தக் குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்பது ஊர் வழக்கு. தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் இங்கே வந்து தெப்பத்தில் உலா வருகிறார்கள். ஆற்றையும் கோயிலையும் இணைக்கும் அந்தக் கால்வாயைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த நாள் கிராமங்களில் காணப்போவது எளிதில் புரியும்.

வடகிழக்கு: யானைமலையிலிருந்து அரிட்டாபட்டி வரை

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இந்தத் திசையில் போங்கள்.

மேலூர்ச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் போனால் ஒத்தக்கடை. இடப்பக்கம் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் யானையாய் ஒற்றைப் பாறைமலை. அடிவாரத்து நரசிங்கம் ஊரில் யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். களக்குடியைச் சேர்ந்த வைத்தியர் குலத்தவர் அவர். கலியுக ஆண்டு 3871, அதாவது கி.பி. 770 என்று கல்வெட்டிலேயே காலம் பொறித்திருப்பது இதன் பெரும் சிறப்பு. வேலை முழுமை பெறும் முன்பே மாறன் காரி இறந்துபோக, அவர் தம்பி மாறன் எயினன் அந்தப் பதவிக்கு வந்து முகமண்டபத்தைக் கட்டி முடித்தார். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இதே கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மருதூரைச் சேர்ந்த அருணிதி கலியன் என்ற அதிகாரி ஆனைமலையில் ஏரி ஒன்றை அமைத்ததையும் அது கலியனேரி என்று பெயர் பெற்றதையும் அது சொல்கிறது. பாண்டிய நாட்டைப் பிடித்த சோழனின் அலுவலர் பாண்டியர் கோயிலில் ஓர் ஏரியின் கணக்கை எழுதிவைக்கிறார். ஆட்சி மாறினாலும் தண்ணீர்க் கணக்கு கோயில் சுவரில் தொடர்ந்து ஏறியிருக்கிறது. என்னைக் கேட்டால், மதுரைச் சமவெளியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சுவரே போதும் என்பேன்.

நரசிங்கத்திலிருந்து சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்று ஊரார் சொல்லும் சிறிய முருகன் குடைவரை இருக்கிறது. முருகனும் தேவியும் சேர்ந்து அமர்ந்த கோலம். அதற்கு மேலே பாறை ஏறிப் போனால் குகையின் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவற்றின் அடியில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள், செய்வித்தவர் பெயரோடு, இந்தத் திருமேனி நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் இருக்கட்டும் என்றும் கூறுகின்றன. வைணவக் கோயிலைச் சுற்றி அமைந்த ஊரின் சபை சமண உருவங்களுக்குக் காவல் நின்றிருக்கிறது. சைவர்களும் சமணர்களும் இங்கே சண்டையிட்ட கதையை மட்டும் சொல்லும் வழிகாட்டியிடம் இந்தக் கல்வெட்டையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்து கோயிலை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒத்தக்கடையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மேலூர்ப் பக்கம் திரும்பினால் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசு அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் இந்தப் பாறை முகடுகளில் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன. ஆனால் அவை இரவில் நடமாடுபவை, பகல் சுற்றுலாவில் அவற்றை எதிர்பார்க்காதீர்கள். இருநோக்கி ஒன்று எடுத்துப் போங்கள். பறவையை வெளியே வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடும் வழிகாட்டி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குப் பெருந்தொல்லை.

இங்கே பார்க்க வேண்டிய கோயில், குன்றைக் குடைந்த சிறிய சிவன் கோயில். முன்புறம் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். பாசுபத சைவத்தின் ஆசான் என்று கொள்ளப்படும் இலகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் மிக அரிது. கையில் தடியோடு அமர்ந்திருக்கும் அவரைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம் தகும். எதிரே வயல்கள், அதற்கப்பால் தண்ணீர்.

ஊரின் இன்னொரு பக்கம் கழிஞ்சமலை. குகையின் விளிம்பில், மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய காடிக்குக் கீழே தமிழ்ப் பிராமி எழுத்துகள். சற்றுத் தள்ளி அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், அதனடியில் வட்டெழுத்து. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சிலர் சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் எழுதுகிறார்கள், தண்ணீரை ஊற்றித் தேய்க்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் நின்ற எழுத்து இப்படித்தான் அழியும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ சாய்வெயிலில் பாருங்கள். ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் போதும், எழுத்து தானே எழுந்து வரும்.

இந்த ஊர்க்காரர்கள் தங்கள் மலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமப் பகுதிக்கான ஏலம் முடிந்த செய்தி வந்ததும், அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் எழுந்து நின்றன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கிப் பெரும் பேரணியாகக் கிளம்பி வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நீங்கள் நின்று படம் எடுக்கும் கரையும் குடைவரையும் இந்த மக்கள் விடாப்பிடியாக நின்றதால் அப்படியே இருப்பவை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை அங்கே வீசிவிட்டு வருவதற்கு மனசு வரக்கூடாது.

கால் வலுவும் நேரமும் இருந்தால் பிற்பகலில் மாங்குளம். மீனாட்சிபுரம் ஓவாமலை மீதுள்ள குகைகளில் இருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரும், கணி நந்தன் என்ற முனிவருக்குக் கற்படுக்கை வெட்டிக்கொடுத்த செய்தியும், வெள்ளறை வணிகக் குழுவின் பெயரும் இங்கே இருக்கின்றன. சங்க இலக்கியத்தில் கேட்ட அரசப் பெயரைப் பாறையில் காணும் இடம் இது. ஏற்றம் கடினம், நிழல் குறைவு. வெயில் தாழ்ந்த பிறகு ஏறி, இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். இதே நாளில் அழகர்கோயிலையும் பழமுதிர்சோலையையும் சேர்த்துத் தருவதாக முகவர்கள் சொல்வார்கள். சேர்க்காதீர்கள், அந்தக் கோயிலுக்கு ஒரு தனிக் காலைப் பொழுது வேண்டும்.

கண்மாயில் எதைப் பார்ப்பது

கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, தண்ணீரையும் பறவையையும் படம் எடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். ஒரு முக்கால் மணி நேரம் கொடுத்துக் கரை மீது நடந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால் எங்கே, வயலுக்குப் போகும் மடை எங்கே, நிரம்பினால் வழியும் கலுங்கு எங்கே, அங்கிருந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் மறுகால் எங்கே என்று வழிகாட்டி காட்ட வேண்டும். ஒரு கண்மாயின் கழிவு அடுத்த கண்மாயின் வரத்து. இப்படித்தான் சங்கிலியாக ஊர்கள் பிணைந்திருக்கின்றன. மேல் ஊரில் கலுங்கை உயர்த்தினால் கீழ் ஊரில் சண்டை வரும்.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். அது குமிழித் தூம்பு. கீழே கல்தொட்டி, அதன் மேல் மூடியில் ஒரு துளை, பக்கவாட்டில் தரையோடு சிறு துளைகள். மேல் துளையின் அடைப்பைத் தூக்கினால் நல்ல தண்ணீர் குமிழியிட்டு இறங்கும்; அடித்துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து வெளியேறும். மேலே உள்ளதற்கு நீரோடித் துளை என்றும் கீழே உள்ளதற்குச் சேறோடித் துளை என்றும் பெயர். தூர் சேராமல் கண்மாயைக் காத்த ஏற்பாடு அது. தூண்களில் எழுத்து தென்பட்டால் பெரும்பாலும் அந்தத் தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயராக இருக்கும்.

மேலூர்ப் பக்கம் வரும்போது ‘இது மழைக் கண்மாயா, பெரியாத்துக் கண்மாயா?’ என்று கேளுங்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து கால்வாயாக இங்கே வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45 ஆயிரம் ஏக்கர் இருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். அதற்குக் கீழே மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒருபோகம். அங்கே செப்டம்பர் நடுவில் திறப்பது வழக்கம். ஆகவே செப்டம்பர் கடைசியில் பெரியாற்றுக் கண்மாயில் தண்ணீர் மினுங்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள மழைக் கண்மாய் வெடித்துக் கிடக்கலாம். அதைப் பார்த்து அந்த ஊர் கண்மாயைக் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீர் வற்றும் மாசி முதல் சித்திரை வரை மேலூர் வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழாக்கள் நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், விடியலிலிருந்து காத்திருக்கும் கூட்டம் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, கட்லா எது அகப்பட்டாலும் அவரவருக்கு. அன்று சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு மணக்கும். தேதி சில நாட்களுக்கு முன்னால்தான் தெரியவரும். ஆகவே திட்டத்தில் ஒரு காலையைச் சும்மா வைத்திருங்கள். வெளியூர்க்காரர்கள் கரையிலிருந்து பார்ப்பது நல்லது. இறங்குவதானால் ஊரார் சொன்ன பிறகே.

கரையில் அய்யனாரும் கருப்பசாமியும் இருப்பார்கள். செருப்பைத் தள்ளியே கழற்றிவிடுங்கள். சில கோயில்களில் யார் எதுவரை போகலாம் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு உண்டு. உள்ளே காலை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்வதுதான் முறை. படம் எடுக்கவும் அப்படியே. மடைக்குப் பக்கத்தில் குளிக்க வேண்டாம், குழந்தைகளை இறக்கவும் வேண்டாம். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது.

மேற்கு: சமணர் மலையும் சோழவந்தானும்

இரண்டாவது நாள் சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடியில் தொடங்குங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம் என்ற சுனை. அதன் மேல் பாறையில் எட்டு உருவங்கள் வரிசையாக. கீழே வட்டெழுத்தில் பெயர்கள். அவற்றில் பல குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்தவர்களுடையவை. மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் செட்டிப்புடவுக்கு இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். குகைக்கு வெளியே பெரிய மகாவீரர். உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து யானையை எதிர்க்கும் இயக்கி. அந்தச் சிற்பத்தின் வேகத்தைப் பார்க்கக் கைவிளக்கு அவசியம். விடுமுறை நாட்களில் கூட்டம் இருக்கும். வார நாள் காலை நல்லது.

அங்கிருந்து கொங்கர்புளியங்குளத்துக் கற்படுக்கைகளைப் பார்த்துவிட்டு வைகைக் கரைக்குப் போகலாம். திருவேடகம் ஏடகநாதர் கோயில், சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து வந்து கரையேறிய இடம் என்று போற்றப்படும் பாடல் பெற்ற தலம். அடுத்து சோழவந்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரை மூலநாதர் கோயில். சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஊர் இது. கோயில் சுவரெல்லாம் எழுத்து. பக்கத்திலேயே தென்கரைக் கண்மாய். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் நடுவே போகும் இந்தச் சாலை மேலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்திலிருந்து முற்றிலும் வேறானது. பெரிய குன்றேற்றம் இல்லாததால் முதியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இந்த வைகைக்கரைப் பகுதியைத்தான் பரிந்துரைப்பேன்.

பறவைக்காகவே வருகிறவர்கள் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாயை விடியலில் பார்த்துவிட்டு, கீழடி அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்கு அங்கே போய்விடலாம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் நடுப்பகல் வெயிலைக் கழிக்கவும் உகந்த இடம். வார விடுமுறை நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வருவது, என்ன கொண்டு வருவது

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், பாறை சுடாது. பொங்கலை ஒட்டிய மூன்று நாட்கள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டுக்காகச் சாலைகள் நெரியும். கண்மாய்ச் சுற்றுக்கு அந்த நாட்களைத் தவிருங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு முன்னும் பின்னும் வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

வழுக்காத அடிப்பாகமும் சட்டென்று கழற்றும் வாரும் உள்ள செருப்பு, தொப்பி, ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கைவிளக்கு, இருநோக்கி, சில்லறைப் பணம் இருந்தால் போதும். குன்றுகளில் கடையும் கழிப்பறையும் இல்லை. ஒத்தக்கடை, மேலூர், சோழவந்தான் ஊர்களின் உணவகங்களைப் பயன்படுத்திக்கொள்ளும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பெண்களும் முதியவர்களும் கூட வந்தால் இதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி, நிறுத்தும் இடங்களைக் குறித்து வாங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை ஏறுவதைத் தள்ளிப்போட்டு, அந்த நாளைக் கலுங்கு பாயும் கண்மாய்களுக்குக் கொடுங்கள்.